அக்காவின் பித்தப்பையும் மூன்று வகை மாற்றங்களும்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு வணக்கம்.

கப்பலில் தாங்களும் தங்கள் இயந்திரங்களும் நலமா? அக்கா நலம். பித்தப்பை கல்லோடு வெளியே வந்துவிட்டது. செவிலியரைக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியைத் தாங்கள் பதறாமல் படிக்கலாம்.

இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எனக்கு என்ன வேலை என்று மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். கணினிகளில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி தருவது என் வேலை. அவை மூன்று வகை. அடிக்கடி செய்து பழகிய, ஆபத்தில்லாத வேலை வழக்கமான மாற்றம். யாரையும் கேட்க வேண்டாம். சாதாரண மாற்றம் என்றால் புதன்கிழமை கூடும் குழுவின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும். தலைபோகிற காரியம் அவசர மாற்றம். என் ஒரு கையெழுத்து போதும். போன வருடம் திரையில் எழுத்தைப் பெரிதாக்குவதைக்கூட அவசரம் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்ததால், நானே இரண்டு விதிகளைச் சேர்த்தேன்: கையெழுத்துக்கு முன் யாரும் கை வைக்கக் கூடாது, மாற்றத்தால் சொந்த நன்மை அடைகிறவர் கையெழுத்திடக் கூடாது.

அக்காவுக்கு ஒன்பது மணிக்கு அறுவை. எட்டு மணிக்கு அறுவை அரங்கின் கணினி நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை விவரம் எல்லாம் அதில்தான். அது திறக்காமல் மருத்துவர் கத்தியைத் தொடமாட்டார். அக்காவோ தண்ணீர்கூடக் குடிக்காமல், வலியில் சுருண்டு தள்ளுகட்டிலில் கிடந்தாள். எங்கள் பொறியாளர் ஓடிவந்தார்.

"மேடம், சர்வர்ல ஒரே ஒரு அமைப்ப மாத்தணும். கையெழுத்து போடுங்க."

"படுத்திருக்கிறது என் அக்கா. நான் போடக் கூடாது."

"அப்போ வழக்கமான மாற்றம்னு வச்சுக்கலாமே? இதே கோளாற பதினோரு தடவ பாத்தாச்சு."

"வழக்கமான மாற்றங்களோட பட்டியல்ல சேக்கணும்னா புதன்கிழமை குழு கூடணும்."

அக்கா கண்ணைத் திறக்காமலேயே, "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி. அதுவரைக்கும் பொறுக்குமான்னு கல்லுகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

எனக்குப் பதில் கையெழுத்திடக்கூடியவர் கண்காணிப்பாளர் ஒருவர்தான். அவரைத் தேடி நானும் பொறியாளரும் நான்கு மாடி ஏறி இறங்கினோம். கூட்ட அறையில் இல்லை, உணவகத்தில் இல்லை, கடைசியில் பல் பிரிவில் வாயைப் பிளந்தபடி பிடிபட்டார். கேள்வி கேட்க வாய் இல்லாததால் வாழ்நாளில் முதல்முறையாக உடனே கையெழுத்திட்டார். பத்தே காலுக்குத் தாள் கிடைத்தது, பத்தரைக்கு அக்கா உள்ளே போனாள், பதினொன்றரைக்குக் கல்லைப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். அத்தான், நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. ஆனால் விதியும் பிழைத்து அக்காவும் பிழைத்து, நடைவழி நாற்காலியில் நான் போய் விழுந்தபோது, என் வேலையின் மேல் எனக்கே மரியாதை வந்தது. யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழவும் செய்தேன்.

தங்கள் கப்பல் நேரத்தோடு கரை சேரட்டும். தங்களுக்கான திட்டுகளை அக்கா சேர்த்துவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
தங்கள் மைத்துனி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பொறியாளர் வந்து தலையைச் சொறிந்தபடி நின்றார். காலையில் நான் கண்காணிப்பாளரின் அறைக்குப் போன் செய்துகொண்டிருந்த இரண்டே நிமிடத்தில் மாற்றத்தைச் செய்து முடித்துவிட்டாராம். "சொல்ல பயமா இருந்துச்சு மேடம், அதான் கூடவே மாடி ஏறினேன்." அறுவை தாமதமானது மருத்துவருக்கு முந்தைய அறுவை நீண்டுபோனதால். அக்காவுக்கும் இது தெரியுமாம். "நீ பக்கத்துல நின்னு நடுங்குறதுக்குப் பதிலா அலையட்டும்னு விட்டேன்," என்கிறாள். கையெழுத்துக்கு முன் கை வைத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியவள் நான். ஆனால் அந்த மாற்றத்தால் நன்மை அடைந்தவளும் நான்தான். ஆகவே விதிப்படி அந்த நடவடிக்கைத் தாளில் கையெழுத்திடாமல் விலகிக்கொண்டேன்.