சிங்கத்துக்குத் தண்ணீரில் கண்டம்

மகனை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டாம் என்று பட்டுக்கடை ராமலிங்கம் முடிவு செய்தபோது, அவன் போகப்போவதை ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அதுதான் வினை.

கடலைப் பற்றி அங்கே எம்.எஸ். படிக்க மகன் பரசுராமனுக்கு இடம் கிடைத்திருந்தது. புடவை எடுக்க வந்தவர்களுக்கு முந்தானையை விரிப்பதற்கு முன்னால் மகன் பெருமையைத்தான் விரித்தார் மனுஷன். கவுன்சிலர் கண்ணாயிரம், 'கடல் கடந்து கடலையே கற்கப் போகும் காஞ்சியின் சிங்கமே!' என்று சுவரொட்டி அடித்து ஒட்டிவிட்டார். தேர்தல் வருகிறதல்லவா? அதில் சிங்கத்தின் படத்தைவிடக் கண்ணாயிரத்தின் படம் பெரிது.

பெட்டி வாங்கி வந்த அன்றுதான் ராமலிங்கத்துக்கு உறைத்தது. ஒற்றைப் பிள்ளை. இரண்டு வருஷம் அவன் முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? போகாதே என்று சொல்லலாம். ஊர் சிரிக்குமே!

எதையாவது சொல்லிப் பயணத்தைத் தடுக்கச் சொல்லி, ரகசியமாக ஜோசியர் பஞ்சாட்சரத்திடம் ஓடினார். மறுநாள் ஜோசியர் இவர் வீட்டுக்கு வந்து, ஜாதகத்தைப் புரட்டி, பையனுக்குத் தண்ணீரில் கண்டம் என்றார். ராமலிங்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

மனைவி பொன்னியம்மாள் அழுது தடுப்பாள் என்று பார்த்தால், அவள் பரிகாரம் கேட்டாள். "ஊரே பாத்துக்கினு இருக்குது. புள்ளை போவலன்னா நாலு பேரு மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

ஜோசியர் திருதிருவென்று விழித்து, சர்வதீர்த்தக் குளத்தில் மூன்று முழுக்குப் போடச் சொன்னார். பரசுராமன் முங்கி எழுந்து வெடவெடவென்று நடுங்கியபடி கரையேறினான். கண்டம் கழிந்தது என்று பொன்னியம்மாள் கற்பூரம் சுற்றிப் போட்டாள்.

விஷயம் கண்ணாயிரம் காதுக்குப் போனது. 'கண்டத்துக்கும் அஞ்சாத சிங்கமே!' என்று அடுத்த சுவரொட்டி வந்தது. கூடவே மேடை, நாயனம், வழியனுப்பு விழா.

வேறு வழியில்லாமல், விழாவன்று காலையில் ராமலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பரசுராமன் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நைனா, ஒரு வார்த்தை சொல்லு. நான் போவல."

அந்த ஒரு வார்த்தை ராமலிங்கத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் கண்ணாயிரம் மாலையும் டாக்டருமாகப் பத்துப் பேரோடு உள்ளே நுழைந்தார். அத்தனை பேர் பார்க்க, பாழும் மானம் விடுமா?

"எனக்கு இன்னாடா கேடு? வாயுப் பிடிப்பு. நீ போய்ட்டு வாப்பா," என்று எழுந்து உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பரசுராமனுக்குக் கண் கலங்கியது. பாசம் என்றார்கள்.

சாயந்தரம் மாலைகளோடு கார் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று. கூட்டம் கலைந்தது. நடுத்தெருவில் நின்று தேம்பிய ராமலிங்கத்தின் தோளைத் தொட்டார் பஞ்சாட்சரம்.

"ஒருத்தர் ரகசியத்த இன்னொருத்தர்கிட்ட சொல்றது எங்க தொழிலுக்கு ஆவாது முதலாளி; வண்டிதான் போய்டுச்சே, இப்ப சொல்றேன்: தண்ணின்னாலே எனக்குப் பயம், நைனா ஆசைய எப்பிடிக் கெடுக்கறது, நீங்களே கண்டம்னு சொல்லித் தடுத்துடுங்கன்னு உங்களுக்கு முந்தின நாளே உங்க புள்ளை வந்து என் கால்ல விழுந்துச்சு."