பிரேக் அக்கா ஸ்கேனுக்குப் போனாள்

ஸ்கேனுக்காகப் பெரிய பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இனி ஒரு தும்மல் வந்தாலும் மானம் போய்விடும் என்ற நிலையில் பிரேக் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, மகப்பேறு மருத்துவமனையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சம்பந்தியம்மா உள்ளே வந்தாள்.

பிரேக் அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பக்கத்து இருக்கையிலிருந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்து நான்கு. ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துத் தேதியும் குறித்தாயிற்று. அந்த அலைச்சலில் மாதவிலக்கு நின்றுபோனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த வயசு வந்துடுச்சு போல" என்று டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த வயசு இன்னும் வரலைம்மா. வேற ஒருத்தர் வந்திருக்காங்க."

விஷயம் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. பாதி வெட்கம், மீதி பயம். இந்த வயதில் சுமக்கிற பிள்ளைக்குக் குறை இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து, யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தால் கெட்டது எதுவும் காதில் விழாது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் அம்மா, ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. பிரேக் அக்காவைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஆனாலும் எதிரே வந்து நின்றால், வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பிள்ளை போல எழுந்து நிற்கத் தோன்றும். இன்றைக்கு எழுந்தால் ஆபத்து.

"அடடே சம்பந்தி! நீங்க எங்க இங்க?" சம்பந்தியம்மாவுக்கே ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது.

"நானா? என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கற பொண்ணு ஒருத்தி மாசமா இருக்கா. துணைக்கு ஆளில்லைன்னா. சரின்னு வந்தேன். நீங்க?"

"எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கு. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ள விட இன்னும் நேரமாகுமாம்." கையிலிருந்த ஆரஞ்சுப் பையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எங்கே அந்தப் பொண்ணு?"

எதிர் வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பிரேக் அக்கா அவளைக் கண்ணால் காட்டினாள். காட்டியிருக்கக் கூடாது. அறிவுரை சொல்ல ஆள் கிடைத்தால் சம்பந்தியம்மா விடுவாளா?

"ஏம்மா, பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு வண்டி ஓட்டக் கத்துக்கறியே, அப்படி என்ன தலை போற அவசரம்?"

பச்சைச் சட்டைக்காரி திருதிருவென்று விழித்தாள். "யாரு, நானா? எனக்குச் சைக்கிளே ஓட்ட வராதுங்க."

சம்பந்தியம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். வகுப்பில் பின்வரிசையைப் பார்க்கிற பார்வை அது.

"இவ இல்லைங்க," என்றாள் பிரேக் அக்கா அவசரமாக. "அவ பாத்ரூம் போயிருக்கா."

அந்த வார்த்தையை உச்சரித்ததுமே உடம்பு முழுக்க அந்தத் திசையில் இழுத்தது. காலை இறுக்கிப் பின்னிக்கொண்டு, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குண்டுக் குழந்தையின் படத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"கையில என்ன, டோக்கனா?"

"அவளோடதுதான். பிடிச்சுக்கங்கன்னு குடுத்துட்டுப் போனா."

"இவ்வளவு நேரமாவா பாத்ரூம்ல இருக்கா? மயங்கி விழுந்திருக்கப் போறா. வாங்க, போய்ப் பார்க்கலாம்."

"வேண்டாங்க!" என்று பிரேக் அக்கா போட்ட கத்தலில் பச்சைச் சட்டைக்காரியின் கொட்டாவி பாதியில் நின்றது. "அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

எழப்போன சம்பந்தியம்மா மறுபடி உட்கார்ந்துகொண்டாள். டீச்சருக்கு வாங்கி வந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சுளைக்கும் ஒரு தடவை பிரேக் அக்காவைப் பார்த்தாள்.

பிரேக் அக்கா போனை மடியில் மறைத்துக்கொண்டு கணவருக்குச் செய்தி தட்டினாள். 'சம்பந்தி இங்கே உட்கார்ந்திருக்கிறார். உடனே வந்து எதையாவது சொல்லிக் கிளப்புங்கள்.'

கணவருக்குச் சம்பந்தியம்மா என்றால் கை கால் ஓடாது. உடனே பதில் வந்தது. 'நான் வந்தால் உளறிவிடுவேன். ஆள் அனுப்புகிறேன்.'

அனுப்பிய ஆள் மகள்.

கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று அவள் இரண்டு வாரமாக வெள்ளரிக்காயைத் தவிர எதையும் தொடவில்லை. அந்த உடம்போடு படியேறி ஓடி வந்தவள், முகம் வெளுத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்து வாடை வேறு குப்பென்று அடிக்க, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னாரு. எதுக்குன்னு கேட்டா, போனா தெரியும்கறாரு."

சம்பந்தியம்மாவின் கையில் ஒரு சுளை பாதி வழியில் நின்றது. வருங்கால மருமகளை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு வயிற்றில் வந்து பார்வை நின்றது.

மகளையும் கிளப்பிவிட வேண்டும், டோக்கனையும் ஒழித்துவிட வேண்டும். பிரேக் அக்கா ஒரே கல்லில் இரண்டையும் அடிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடி. இந்த டோக்கனைக் கவுன்டர்ல குடுத்துட்டு, நேரா வீட்டுக்குப் போ."

மகள் அதை வாங்கி இரண்டடிகூட வைத்திருக்க மாட்டாள். ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. சம்பந்தியம்மா சட்டென்று குனிந்து நாற்காலிக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"டோக்கன் ஏழு!"

"இதோ, என்கிட்ட இருக்கு," என்று மகள் நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்கினாள்.

"வாம்மா. ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கே? சாப்பிடவே முடியலையா?"

"ஆமாங்க. ரெண்டு வாரமா வெறும் வெள்ளரிக்காய்தான்."

"முதல் மூணு மாசம் அப்படித்தான் இருக்கும். கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தா?" நர்ஸ் நெற்றியைச் சுருக்கினாள். "அப்புறம் எப்படிம்மா வயித்துல பிள்ளை?"

"பிள்ளையா? யாருக்கு?"

நாற்காலிக்கு அடியிலிருந்து சம்பந்தியம்மாவின் தலை மெதுவாக மேலே வந்தது. "சம்பந்தி," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "கார் ஓட்டக் கத்துக்கற பொண்ணு இவதானா?"

பிரேக் அக்காவின் வலது கால், அது பாட்டுக்குத் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி நிற்கவில்லை. இனி ஒரே வழிதான். எழுந்து நின்றாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க! கர்ப்பம் அவளுக்கில்லை. எனக்கு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. மருந்துக் கடை ஜன்னலில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மகள் டோக்கனோடு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா... நீயா?"

"ஆமாடி. நானேதான்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? உனக்குப் புடவை எடுக்கப் போற நேரத்துல..." பிரேக் அக்கா வயிற்றில் கையை வைத்தாள். "அதோட, குழந்தை நல்லா இருக்குதான்னு இன்னும் தெரியலை. ஏதாவது இருந்துட்டா, அந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்னு நினைச்சேன்."

மகள் கிட்ட வந்து, டோக்கனையும் அம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நடம்மா. சேர்ந்தே போய்ப் பார்க்கலாம்."

"மெதுவாடி. குலுக்காதே. தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது."

உள்ளே இருட்டாக, குளிராக இருந்தது. டாக்டர் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்தினார். பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். "அம்மா, கண்ணைத் திற. கை ஆட்டுது பாரு," என்றாள் மகள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் அளந்தார். மறுபடியும் அளந்தார். ரத்தப் பரிசோதனை முடிவையும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அளவெல்லாம் சரியா இருக்கும்மா. ரத்தத்துலயும் பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை. இனிமே நீங்க போகலாம்."

"எங்க டாக்டர்?"

"பாத்ரூமுக்கு."

திரும்பி வந்தபோது உடம்பும் மனசும் ஒருசேர லேசாகியிருந்தன. சம்பந்தியம்மா போயிருப்பாள் என்று நினைத்தாள். போகவில்லை. காலைப் பின்னிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அதே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுப் பை காலி.

பிரேக் அக்கா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"சம்பந்தி, பொய் சொன்னது தப்புதான். பேரன் பேத்தி எடுக்கற வயசுல பிள்ளை பெத்துக்கறாளேன்னு ஊர் சிரிக்கும். உங்க குடும்பத்துக்கு அது அவமானம்னு பட்டா, கல்யாணத்தைப் பத்தி நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா, இந்தப் பிள்ளைக்காக நான் இனிமே தலை குனிய மாட்டேன்."

சம்பந்தியம்மாவின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் கலங்கியது.

அப்போது ஸ்கேன் அறைக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். நேராகச் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, அடுத்தது நீங்கதான், போன வாரம் மாதிரி இன்னைக்கும் எழுந்து ஓடிடாதீங்க, நீங்க வெட்கப்படறீங்கன்னு உள்ள இருக்கற பிள்ளை வளராமலா இருக்கும்?"