முதுகில் வந்த வீட்டு நம்பர்

கொருக்குப்பேட்டை,
தண்டவாள ஓரம்.

மருமகப்பிள்ளை மொஹ்சினுக்கு மாமனார் மதார் சாகிப்பின் சலாம். ஆம்பூரில் உங்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் ஆண்டவன் குறை வைக்காதிருக்கட்டும். இங்கே எங்களுக்கு வைத்த குறைகளும் நல்ல சுகத்தோடுதான் உள்ளன. போனில் சொன்னால் உங்கள் மாமியார் பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வரிசையை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு மகள் ஆஃபியாவை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம். நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

போன மாதம் அதிகாரிகள் வந்து, எடுக்கப்போகும் வீடுகளின் சுவரில் சிவப்புச் சாயத்தால் நம்பர் போட்டார்கள். நம் வீட்டுக்கு 47. அது காய்வதற்குள் நான் ஜும்மாவுக்குப் போகிற அவசரத்தில் அந்தச் சுவரிலேயே சாய்ந்து செருப்பு மாட்டியிருக்கிறேன். தொழுகை முடிந்து எழுந்தால் பின்வரிசை முழுக்க என் முதுகையே பார்க்கிறது. வெள்ளைச் சட்டையில் 47, அதுவும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொண்டு. முடிவெட்டுகிற முபாஷிர், "இன்னா பாய், வூட்டோட சேத்து உன்னியும் இடிக்கப் போறாங்களா?" என்றான்.

வீட்டுக்கு வந்தால் சுவரில் மிச்ச நம்பர் ரத்தக்கறை போல இழுவிக் கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சி கால் வைக்கிற வாசலில் இதென்ன கோலம் என்று உங்கள் மாமியார் பிடித்துக்கொள்ள, இருந்த சுண்ணாம்பைக் கரைத்து அடித்துவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் என் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் நாற்காலி ஏற்றிப் போகிறேன் அல்லவா, அதனால் கட்சி ரகசியமெல்லாம் எனக்குத் தெரியும் என்று தெருவுக்கு ஒரு நினைப்பு. அந்த நாற்காலிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். பாயே நம்பரை அழித்துவிட்டார், அப்படியானால் இடிப்பு ரத்து என்று எதிர்வீட்டு மீன்காரி கன்னியம்மா சொல்லிவிட, பொழுது சாய்வதற்குள் வரிசை முழுக்க வெள்ளை. தேர்தல் நேரம் வேறு. ஒரு கட்சிக்காரர் வந்து, எங்கள் தலைவர் சொல்லித்தான் நம்பர் அழிந்தது என்று மைக்கில் முழங்கினார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் வந்து, நாங்கள் போட்ட சத்தத்தில்தான் அழிந்தது என்றார். இரண்டுக்கும் நாற்காலி இறக்கியவன் நான். கடைசியில் அதிகாரி வந்து இதை அழித்தது யார் என்று கேட்க, இரண்டு கட்சியும் நான்தான் நான்தான் என்று மல்லுக்கு நிற்க, அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நானும் அங்கேதான் நின்றேன். தெருவுக்கு இரவல் போன சுண்ணாம்பு மட்டை அப்போதுதான் என் கைக்குத் திரும்பியிருந்தது, பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்குத் தெருவில் ஒரே மரியாதை. கன்னியம்மா நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். அவளுக்கு ஏன் இருக்காது? முன்பு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வரிசையை எடுத்து ஊருக்கு வெளியே எட்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தார்களே, அதில் போன அவள் தங்கை காசிமேட்டுக்கு வந்து போக முடியாமல் மீன் வியாபாரத்தையே விட்டுவிட்டாள். என் வண்டியும் எட்டாம் மாடி ஏறாது மாப்பிள்ளை. எப்படியோ, வீடு இப்போது நிக்காஹ் வீடு மாதிரி பளிச்சென்று இருக்கிறது, தைரியமாக அனுப்பி வையுங்கள்.

ஆஃபியாவுக்கும் உள்ளே இருக்கிற சின்ன ஆளுக்கும் என் துஆ. சம்பந்திக்குச் சலாம், அவர் முன்னால் இதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
மதார் சாகிப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரிகள் மறுபடியும் நம்பர் போட வந்துவிட்டார்கள். இந்த முறை ஆயில் பெயின்ட், சுண்ணாம்பு நிற்காது. ஓட்டு எண்ணி முடித்த கையோடு இடிப்பார்களாம். அதற்குள் பேரப்பிள்ளை வந்துவிடும், ராயபுரம் ஆஸ்பத்திரியை யாரும் இடிக்கப் போவதில்லை, எனவே அனுப்புங்கள். ஆஃபியாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். கன்னியம்மா துணியால் நம்பரைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பாய், சும்மா எழுதிகினு போறாங்கோ, அவ்ளோதானே?" என்று கேட்டாள். வரிசையே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. டீ குடிக்கிறியா கன்னியம்மா என்று கேட்டேன்.