கையில்லா விருந்தும் ஹரியின் மீசையும்

கல்யாண வீட்டில் "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா இருங்கோ" என்று யாராவது சொன்னால், உடனே அந்த ஆளைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பிவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். பிரேமா கல்யாணத்தில் அந்த ஆள் நான்தான். ஒருத்தரும் ஆட்டோ பிடிக்கவில்லை.

பிரேமாவும் நானும் மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது மலையாளம், சண்டை முற்றினால் இரண்டும். அவளுக்குத் திருப்பூணித்துறை மாப்பிள்ளை அமைந்தான், பெயர் ஹரி. தங்கமான பையன், நல்ல வேலை, அதிர்ந்து பேச மாட்டான். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான், மீசை. அது முகத்தில் வளர்ந்த மாதிரி இருக்காது. முகத்தை வாடகைக்கு எடுத்துக் குடியிருப்பது மாதிரி இருக்கும். கல்லூரி நாளிலிருந்து எண்ணெய் தடவி வளர்த்ததாம்.

"லதா, அதோட என்னால குடித்தனம் பண்ண முடியாதுடி" என்று பிரேமா என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். அப்புறம் அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மருதாணிக் கோலத்துக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்து எழுதி, அவனைத் தேடச் சொல்வது இப்போது எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிற விளையாட்டு. ஹரியிடம் பந்தயம் கட்டினாள். கல்யாணச் சாப்பாட்டில் கடைசியாக இலைக்குப் பிரதமன் பாயசம் வருவதற்குள், அவள் மருதாணியில் எழுதின அவன் பெயரை அவன் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மீசை போச்சு. ஹரி ஒரு நிமிஷம் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, சரி என்றான். (காதல்!)

இதற்காகவே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சிநேகிதிகளை எல்லாம் கூப்பிட்டு ஒரு மெஹந்தி பார்ட்டி. பலகாரப் பொறுப்பு யாருக்கு என்று பேச்சு வந்தபோதுதான், மேலே சொன்ன அந்தப் பொன்மொழியை நான் உதிர்த்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளில் மருதாணி என்றால் இலையைப் பறித்து அரைத்து, ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, விரலுக்குத் தொப்பியும் உள்ளங்கைக்கு ஒரு வட்டமுமாக அப்பி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கிவிடுவது. சாப்பாடு முடியும், கை கழுவுவோம், மருதாணி வரும். என் மண்டையில் அந்த வரிசைதான் இருந்தது. பார்ட்டியில் மருதாணி முதலில் வரும், பலகாரம் நடுவில் வரும் என்பது மண்டையின் எந்த மூலையிலும் இல்லை.

பிரேமாவின் அம்மா, அதாவது மாமி, என்னிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ரவா உப்புமா கிண்டி, கூட கேசரி பண்ணி, ஸ்பூன் போட்டுக் குடுத்துடலாமேடி. சூடாவும் இருக்கும்."

"ஐயோ மாமி! உப்புமா கேசரி போட்டா பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கும். இது பார்ட்டி. எல்லாம் விரலால எடுத்து டபக்குனு வாயில போட்டுக்கற மாதிரி இருக்கணும். தட்டு வேண்டாம். ஸ்பூன் வேண்டவே வேண்டாம்."

மாமி "ஓ" என்றாள். அந்த "ஓ"வுக்கு அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கடைசியில் முடிவானது இது: பல் குத்தும் குச்சியில் கோத்த பொடி இட்லி, உண்ணியப்பம், நேந்திரங்காய் வறுவல், மிளகாய் பஜ்ஜி, எல்லாவற்றுக்கும் மகுடமாகப் பானி பூரி. பூரி எங்கள் தெருவுக்கு அடுத்த குஜராத்திக்காரர்கள் தெருவில் வாங்கியது, புதினாத் தண்ணீர் மட்டும் சொந்தத் தயாரிப்பு. பஜ்ஜி மிளகாய் வாங்கும்போது காய்கறிக்கடைச் சேட்டனிடம் "எரிவு உண்டோ?" என்று காரத்தைப் பற்றிக் கேட்டேன். "தீரெ இல்ல மோளே" என்றார். துளிகூட இல்லையாம். நல்ல மனுஷர், நம்பினேன்.

பார்ட்டி அன்று மத்தியானத்திலிருந்து நான் பிரேமா வீட்டில் கீழே அடுப்படியிலேயே கிடந்தேன். மாடியில் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. மருதாணி போடுவது ஹேத்தல், குஜராத்தித் தெருவில் எங்களோடு படித்தவள், உதவிக்கு இரண்டு பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். மிதுன மாசத்து, அதாவது ஆனி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலமாகப் பெரிய தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, மேஜையில் பரப்பி, பானி பூரித் தண்ணீரை அழகான கண்ணாடி ஜாடியில் வைத்து, ராஜாவீட்டுச் சமையற்காரி மாதிரி ஒதுங்கி நின்று, "வாங்கோ வாங்கோ, எல்லாரும் எடுத்துக்கோங்கோ!" என்றேன்.

ஒருத்திகூட நகரவில்லை.

இருபது பெண்கள் இருந்திருப்பார்கள். எல்லாரும் பஜ்ஜியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி பஜ்ஜியைப் பார்த்தார்கள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, மாமி சொன்ன உப்புமாவே போட்டிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தேன். அப்போதுதான் போர்ட் கொச்சி ஜெசி, எதையும் சத்தமாகவே சொல்லிப் பழகியவள், வாயைத் திறந்தாள்.

"எடீ லதா, கண்ணு இருக்கு, வாய் இருக்கு, வயிறு கத்திக்கிட்டு இருக்கு. கை எங்கேடீ?"

பார்த்தேன். நாற்பது கைகளும் முன்னால் நீட்டியபடி, முழங்கை வரை ஈர மருதாணியோடு அந்தரத்தில் நின்றன. அந்த மழை ஈரத்தில் ஒன்றாவது காய்ந்தால்தானே! ஹேத்தலும் அவள் கூட்டி வந்த பெண்களும் குனிந்த தலை நிமிராமல் இன்னும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் சும்மா இருந்த கை இரண்டே இரண்டு. இரண்டும் என்னுடையவை.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல! ஊட்டினேன். வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு, "எனக்கு, எனக்கு" என்று கத்தினார்கள். பொடி இட்லியைக் குச்சியோடு கொடுத்து, குச்சியை உருவி, அடுத்தவளிடம் ஓடினால், முதல் ஆள் மென்று முடித்து மறுபடி வாயைத் திறந்திருப்பாள். பானி பூரி இருக்கிறதே, அதை ஒரே வாயில் போட வேண்டும். பாதிப் பேருக்கு வாய் அவ்வளவு திறக்கவில்லை. பூரி உடைந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கும், அவர்களால் துடைத்துக்கொள்ள முடியாது, "தொடைடீ, தொடைடீ!" என்று அலறுவார்கள். நடுவில் ஒருத்திக்கு மூக்கு அரித்தது. ஒருத்திக்கு முடி கண்ணில் விழுந்தது. ஒருத்திக்கு ஆபீஸிலிருந்து போன் வந்து, நான் அதை அவள் காதில் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மேலதிகாரியிடம் "ஜுரம் சார், படுத்திருக்கேன் சார்" என்று முனகிக்கொண்டே, பஜ்ஜி வேண்டும் என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள்.

பிரேமா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலும் கையும் முடிந்து, கடைசியாக வலது உள்ளங்கையின் நடுவே ஹேத்தல் அப்போதுதான் "ஹரி" என்று மலையாளத்தில் எழுதி முடித்திருந்தாள். மலையாள எழுத்து பிறவியிலேயே சுருள், கொடியோடு கொடியாக அது ஒளிந்துகொண்டுவிட்டது. "பாரேன், பக்கத்துல வச்சுண்டாலும் தெரியாது. மீசைக்கு நாள் குறிச்சாச்சு!" என்று பிரேமா பூரித்துப் போனாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இருப்பதிலேயே பெரிய மிளகாய் பஜ்ஜியாகப் பொறுக்கி அவள் வாயில் வைத்தேன்.

சேட்டன் சொன்ன "தீரெ இல்ல" மற்ற மிளகாய்களுக்குப் பொருந்தியது. அந்த ஒன்றுக்குப் பொருந்தவில்லை.

பிரேமா கண் இரண்டும் சிவந்து, "தண்ணி! தண்ணி!" என்று குதித்தாள். நான் பதறிப்போய், கைக்கு எட்டிய கண்ணாடி ஜாடியை எடுத்து அவள் வாயில் சரித்தேன். மடமடவென்று நாலு வாய் குடித்துவிட்டாள். அது புதினாத் தண்ணீர். அதில் பச்சை மிளகாயை அரைத்துவிட்டவளும் நான்தான்.

அடுத்த நொடி அவள் வலது கை என் இடது கன்னத்தில் விழுந்தது. அது அறையா, தடுமாறிப் பிடித்ததா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேற்றுமை இருக்கிறது. எனக்கு அறை மாதிரிதான் வலித்தது.

எல்லாரும் பிரேமாவின் உள்ளங்கையையே பார்த்தார்கள். நடுவில் ஹரி இல்லை. கொடி, இலை எல்லாம் கலைந்து ஒரே சேறு. பிரேமா ஓவென்று அழ ஆரம்பித்தாள். பாதி மிளகாய்க்கு, பாதி கைக்கு. சின்ன வயசிலிருந்து கூட வளர்ந்தவள், அவள் கல்யாணக் கையை நாசம் பண்ணிவிட்டேனே என்று நானும் அழுதேன். இருபது பேரும் சேர்ந்து கண்கலங்க, யாராலும் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

ஹேத்தல் மட்டும் பதறவில்லை. நிறம் பிடிக்கும் முன்பே அந்த இடத்தை வழித்துத் துடைத்துவிட்டு, சின்னதாக ஒரு தாமரை போட்டு மூடினாள். "பேர் எழுத இனி இடமில்லப்பா" என்றாள். பிரேமா விசும்பிக்கொண்டே தாமரையைப் பார்த்தாள். விசும்பல் மெதுவாக நின்றது.

"அப்போ... பேர் எங்கயுமே கிடையாதா?"

"கிடையாது."

"அவன் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டவளின் முகத்தில் மிளகாய்க் கண்ணீரோடு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கொள்ளைக்காரி சிரிப்பு. எல்லாரும் கூத்தாட, எனக்கும் உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மாமி மேலே வந்தாள். கையில் ஒரு பாத்திரம் ரவா உப்புமா, பத்துப் பன்னிரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூனை என்னிடம் நீட்டினாள். ஸ்பூனால் ஊட்டினால் எத்தனை சீக்கிரம் முடிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கன்னத்தில் ஈரமாக ஏதோ இருந்தது. புதினாத் தண்ணீர்தான் என்று விட்டுவிட்டேன். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்ததையும் என் கோலத்துக்குத்தான் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தால், காதோரம் மூன்று விரல், அதற்குக் கீழே பொன்னிறத்தில் அழகாக, "ஹரி". பிரேமா கையிலிருந்து காணாமல் போனவன் என் கன்னத்துக்குக் குடிவந்திருந்தான். எழுத்து திரும்பித்தான் பதிந்திருந்தது, ஆனால் கண்ணாடி அதையும் திருப்பி, நேராகக் காட்டியது.

தேய்த்தேன். சோப்பு, தேங்காயெண்ணெய், கடலைமாவு. போகவில்லை. கடைசியில் எலுமிச்சம்பழத்தை வெட்டி, சர்க்கரை தொட்டு, பரக்பரக்கென்று தேய்த்துவிட்டுப் படுத்தேன். மருதாணி நன்றாகச் சிவக்க எலுமிச்சையும் சர்க்கரையும் தடவுங்கள் என்று ஹேத்தல் மாடியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். நான்தான் கீழே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேனே!

கல்யாணத்தன்று அங்கேயிருந்த அத்தனை மருதாணியிலும் நன்றாகச் சிவந்தது என் கன்னம்தான். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு ஆசை புருஷனுக்கு என்று சொல்வார்களே, அதைச் சொல்லிச் சொல்லி ஜெசி என்னைக் கொன்றாள். பிரேமாவோ மணக்கோலத்தில் என்னைத் தனியாக இழுத்து, "லதா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு முழுக்க இடது கன்னத்தை அவனுக்குக் காட்டாதே. என் வாழ்க்கையே உன் கன்னத்துல இருக்குடி" என்றாள். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, காலை முழுவதும் ஒருபக்கமாகவே திரும்பி நடந்தேன். "கழுத்துப் பிடிப்பா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டார்கள், நாலு பேர் தைலம் சொன்னார்கள்.

முகூர்த்தம் முடிந்ததிலிருந்து ஹரி பிரேமாவின் கையை வைத்துக்கொண்டு தேடினான். சிநேகிதர்கள் தேடினார்கள். போனில் படமெடுத்துப் பெரிதாக்கித் தேடினார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை, கை மட்டும் அடிக்கடி மீசைக்குப் போய் வந்தது. எனக்கே பாவமாக இருந்தது. பிரேமா கூட்டைச் சுவைத்துச் சாப்பிட்டாள். சாம்பார் போய், ரசம் வந்தது. நல்ல மிளகு ரசம். எனக்கு வேர்த்துக் கொட்ட, பழக்க தோஷத்தில் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். பவுடர் முழுக்கத் தலைப்போடு வந்துவிட்டது.

"எல்லாரும் இங்கே பாருங்கோ!" என்று ஜெசி மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் போனை நீட்டினாள். செல்பி. பின்னால் உட்கார்ந்திருந்த நானும் திரையில் விழுந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி எப்படிக் காட்டுமோ, செல்பித் திரையும் அப்படித்தான் காட்டும்.

ஹரி திரையைப் பார்த்தான். சிரித்தான். சிரிப்பு நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தான். அப்புறம் இலையை விட்டு எழுந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"கிடைச்சுடுத்து! லதா கன்னத்துல இருக்கேன்!"

பரிமாற வந்தவர் சக்கப் பிரதமன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மாமிதான் ஓடிவந்து பஜ்ஜியிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிக் கல்யாணத்தைக் காப்பாற்றினாள். "என் கையிலன்னா இருக்கணும்!" என்று பிரேமா கத்தினாள். "மருதாணியிலன்னுதானே சொன்னாய்? கைன்னு சொன்னாயா?" என்றான் ஹரி. சொல்லவில்லைதான்.

மீசை பிழைத்தது. இப்போது அவர்கள் வைட்டிலாவில் இருக்கிறார்கள், நாலு வயசில் ஒரு பெண் இருக்கிறாள். நான் படியேறி உள்ளே நுழைந்தால் ஹரி எழுந்து நின்று மீசையை முறுக்கி எனக்கு ஒரு கும்பிடு போடுவான். பிரேமாவும் பெண்ணும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் ஏதாவது ஊட்டினால்தான் கை இறங்கும். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மீசையில் இரண்டு முடி நரைத்திருந்தது.

"பாரு, நரைச்சாலும் போகமாட்டேங்கறது. எல்லாம் உன் கன்னத்தால வந்த வினை" என்றாள் பிரேமா.

பையிலிருந்து ஓர் உண்ணியப்பத்தை எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டாள்.

"முதல்ல நீ ஒரு கடி கடி" என்றாள்.