காசியில் விட்ட ஓட்ஸ்

"நான் அதைக் காசியில விட்டுட்டேன்" என்றார் ஜெபதாஸ்.

நேசம்மாள் கையில் கரண்டியோடு நின்றாள். "எதை? குடையையா?"

"ஓட்ஸை."

மேசையில் ஓட்ஸ் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜெபதாஸ் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இந்த ஒரு வாக்கியத்தைக் காசியில் ரயில் ஏறியதிலிருந்து இரணியலில் வந்து இறங்கும் வரை ஒத்திகை பார்த்திருந்தார். சொன்ன மாத்திரத்தில் மனசு லேசாகிவிட்டது.

பாவம், அவரும் என்ன செய்வார்! சர்க்கரை முன்னூறைத் தொட்ட அன்றைக்கே காலைப் புட்டும் பயறும் மட்டி வாழைப்பழமும் பறிபோயின. துபாயில் இருக்கும் மகன் ரெனிஷ், அப்பாவின் மேல் உள்ள பாசத்தில் ஓட்ஸ் டப்பாக்களை அட்டைப்பெட்டி நிறைய அனுப்பிவைத்தான். மூன்று மாதமாகக் காலையில் அதுதான். பேச்சிப்பாறை அணையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஜெபதாஸ். சுவருக்குப் பூச வேண்டியதை வயிற்றுக்குள் பூசுகிறார்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. சந்தைக்குப் போகிற சாக்கில் கடையில் புட்டு தின்று இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிதம்பரதாணுவும் அவர் மனைவி பகவதியும் கிளம்பிய காசி யாத்திரையில் ஒரு சீட்டு மிச்சம் விழுந்தது. ஊர் பார்க்கலாமே என்று ஜெபதாஸ் ஒட்டிக்கொண்டார். கிறிஸ்தவனுக்குக் காசியில் என்ன ஜோலி என்று நேசம்மாள் இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் முறுக்கு சுட்டுக் கட்டிக்கொடுத்தாள். "கண்ணால பாருங்க, காலு நனையப்படாது" என்பது மட்டும்தான் நிபந்தனை.

அங்கே படித்துறையில் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். காசிக்கு வந்தவர்கள் தங்களுக்குப் பிரியமான ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டுப் போக வேண்டும், பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. சிதம்பரதாணு பலாப்பழத்தை, அவர் பாஷையில் சக்கைப்பழத்தை, விட்டார். விட்டுவிட்டு அழுதார். அடுத்து ஜெபதாஸின் முறை.

"ஓட்ஸ்" என்றார் ஜெபதாஸ், பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி.

இப்போது நேசம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"கங்கைக்குப் பயந்து ஒரு மனுசன் ஓட்ஸைத் தின்னாம இருந்தா அதுக்குப் பேரு என்ன?"

"விரதம்."

"விக்கிரக ஆராதனை! நாப்பது வருசமா சி.எஸ்.ஐ. சபையில சந்தா கட்டுத ஆளு செய்யுத காரியமா இது? தின்னுங்க. தின்னாத்தான் நீங்க கிறிஸ்தவன்."

இந்தக் கோணத்தை ஜெபதாஸ் ரயிலில் யோசிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் கரண்டியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கங்கைச் சொம்போடு வாசலில் வந்து நின்றார் சிதம்பரதாணு.

"சாரே! கைய எடுங்க!"

ஜெபதாஸ் கரண்டியைப் போட்டார்.

"விட்டதைத் தொடப் போறியளா? ஒரே தோணியில போயி முங்கின பத்துப் பேருக்க புண்ணியமும் ஒழுகிப் போவுமே! அப்போ நான் சக்கைப்பழத்த விட்டது வெறுதேயா?"

"முங்கின பத்துப் பேரா?" நேசம்மாளின் குரல் மெதுவாக வந்தது. "காலே நனையலன்னு சொன்னிய?"

"படி வழுக்கிட்டு" என்றார் ஜெபதாஸ்.

"ஆமாக்கா, மூணு தடவ வழுக்கிச்சு" என்று சிதம்பரதாணு நல்ல மனசோடு எடுத்துக்கொடுத்தார். "நான்தான் மூக்கப் பிடிச்சு விட்டேன்."

"மூணு முழுக்கா? பெந்தெகொஸ்துக்காரன் மாதிரியா?"

கங்கையைக்கூட நேசம்மாள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளிக்கிற சபை அவளுடையது; ஆளை முக்கி எடுப்பது பெந்தெகொஸ்துக்காரர்கள். இது நெஞ்சில் அடித்துவிட்டது. ஜெபதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு ஓடினார். ஓடுகிற வழியிலேயே நல்ல உபாயம் ஒன்றும் தோன்றிவிட்டது.

அவர் போய்ச் சேருவதற்குள் நேசம்மாளின் ஃபோன் போய்ச் சேர்ந்திருந்தது.

"காசிக்குத்தானே போனீங்க? அது போதும்" என்று போதகர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "முழுக்குன்னு அம்மா சொன்னதும் சபை மாறிட்டீங்களோன்னு பயந்துபோயிட்டேன்."

"பாஸ்டர், பக்கத்து வீட்டுக்காரன் மனசு நோகும்னா ஒரு சாப்பாட்டையே விட்டுரலாம்னு போன மாசம் பிரசங்கத்துல சொன்னிய. தாணுவுக்க மனசு நோகுது. அதனால நான் ஓட்ஸை..."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிரசங்கத்தை ஒருவர் ஒரு மாதம் நினைவில் வைத்திருப்பது அவருக்கு முதல் அனுபவம். ஜெபதாஸ் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்.

"அன்புனால விடலாம். பயத்தினால விடப்படாது. உங்களுக்குப் பயம் இல்லையே?"

"பயமா? எனக்கா?"

"அப்போ வர்ற சனிக்கிழமை உங்க வீட்டுல ஜெபக்கூட்டம் வைப்போம். எல்லாருக்க முன்னாலயும் ஓட்ஸ் சாப்பிட்டுச் சாட்சி சொல்லுங்க."

விஷயம் சபை முழுக்கப் பரவியது. வளைகுடாவில் பிள்ளை இல்லாத வீடு அந்தச் சபையில் கிடையாது. பிள்ளை அனுப்பிய ஓட்ஸ் பிரிக்கப்படாமல் கிடக்காத வீடும் கிடையாது. "சாட்சிக்கு எங்க வீட்டுப் பங்கு" என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு டப்பா. ஒன்றில் வண்டு இருந்தது.

இதற்கிடையில் ஜெபதாஸ் காலைதோறும் பட்டினி. ஓட்ஸைத் தொட்டால் சிதம்பரதாணு மதில் மேல் தலையை நீட்டுவார். தொடாவிட்டால் வேறு எதையும் நேசம்மாள் தர மாட்டாள். புட்டுக் கடையில் போய் நின்றால், "சாருக்குக் குடுக்கப்படாதுன்னு அம்மா சொல்லியிருக்கு" என்று கடைக்காரர் வடையைக்கூட மூடிவைத்தார். மனிதர் கடைசியில் மதிலோரம் போய்க் கெஞ்சினார்.

"தாணு, நான் கிறிஸ்தவன். எனக்கு இதெல்லாம் பலிக்காதுல்லா?"

"கங்கை என்ன உங்க சபை ரெஜிஸ்டரா பாக்கும்? முங்கினா முங்கினதுதான்."

சனிக்கிழமை வந்தது. கூடம் நிறையப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சிதம்பரதாணுவும் பகவதியும் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். போதகர் இருபது நிமிஷம் ஜெபித்தார். அவர் ஆமென் சொன்னபோது ஓட்ஸ் இறுகிப்போய்க் கரண்டி பிடிக்காமலே நின்றது.

ஜெபதாஸ் ஒரு கரண்டி அள்ளினார். வாசலில் சிதம்பரதாணு கண்ணை மூடிக்கொண்டு, "எனக்க சக்கைப்பழம் போச்சே" என்று முனகினார். ஜெபதாஸ் கரண்டியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். நாலு நாள் பசி, முப்பது ஜோடிக் கண்கள், ஒரு நல்ல மனிதனின் கண்ணீர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்!" என்று எழுந்துவிட்டார். "எனக்குக் கங்கையும் இல்ல, பயமும் இல்ல. ஓட்ஸைக் கண்டா குமட்டுது! அதுலேர்ந்து தப்பிச்சுப் புட்டு தின்னலாம்னுதான் காசி மேல பழியப் போட்டேன். எல்லாம் கள்ளம்!"

முதலில் வாய் திறந்தவர் சிதம்பரதாணு.

"பிடிக்காததையா விட்டிய?"

"வாயில வைக்க முடியாது, தாணு."

"அட! அப்போ அது செல்லவே செல்லாதே! பிரியமானதை விட்டாத்தானே விட்டதாவும்? நீங்க தாராளமா தின்னுங்க சாரே, தினமும் தின்னுங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாவத்தை அறிக்கையிட்டதே பெரிய சாட்சி. உட்காருங்க, சாப்பிடுங்க" என்றார் போதகர்.

கங்கையும் சபையும் ஒரே பக்கமாக நின்றுவிட்ட பிறகு மனிதன் எங்கே போவான்? ஜெபதாஸ் உட்கார்ந்தார். முதல் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மூலையில் இருபத்தேழு டப்பாக்கள் வரிசையாகக் காத்திருந்தன.

நேசம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சபையார் பக்கம் திரும்பினாள். "பாத்தியளா? காசி, கங்கைன்னு அந்நிய நம்பிக்கைக்குப் பின்னால போனா இதுதான் கதி. எனக்க வீட்டுல அதுக்கெல்லாம் இடம் கிடையாது."

வாசலில் நின்ற பகவதி, பெருத்த ஏமாற்றத்தோடு அவளைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னக்கா இது, டாக்டர் சொல்லியும் கேக்கல, பாஸ்டர் சொல்லியும் கேக்கல, கங்கைக்குப் பயந்தாவது புட்டை விட்டுட்டு வருவாருன்னுதானே அவருக்கு டிக்கெட்டு போடச் சொன்னிய!"