தம்பி கல்யாணத்துக்குப் போட்டுப்போன ஷேப்வேர்

ஆன்லைனில் துணி வாங்கும்போது யாரும் தன் உண்மையான அளவைக் கொடுப்பதில்லை. பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன்பிருந்த அளவைக் கொடுக்கிறார்கள். மீதிப் பேர் அடுத்த மாதம் இளைத்த பிறகு வரப்போகும் அளவைக் கொடுக்கிறார்கள். நான் ஏழெட்டு மாதத்துக்கு முந்தைய அளவைக் கொடுத்தேன். அதனால்தான் சிதம்பரத்தில் என் தம்பி கல்யாணத்தன்று, சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மணமேடைப் படியில் வெட்டிய வாழைமரம் மாதிரி சரிந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஐந்தாம் மாதத்தில், என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான குழந்தை. விஷயம் எனக்கும், என் கணவர் செல்வத்துக்கும், அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். உண்டானதையே அம்மா ஐந்து மாதம் தாண்டட்டும், ஊருக்குச் சொல்லலாம் என்று பொத்தி வைத்திருந்தார். போனதையும் அப்படியே பொத்தி வைத்தார். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாண மாப்பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதாம்.

அதைவிடப் பெரிய காரணம் நாத்தனார் முடிச்சு. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மீதியை மணமகளுக்குப் பின்னால் நின்று போட வேண்டியவள் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான். பிள்ளை தங்காதவள் போடக் கூடாது என்று எந்த ஐயரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஸ்ரீமுஷ்ணம் பெரிய அத்தை இருக்கிறார். பிரபு எனக்கு இருக்கும் ஒரே தம்பி. அவனுக்கு நான்தான் முடிச்சுப் போட வேண்டும். அது ஒன்றுதான் அந்த இரண்டு மாதமும் என்னை எழுந்து நடமாட வைத்தது.

குழந்தை போய்விட்டது, வயிறு போகவில்லை. ஒருநாள் திருப்பாதிரிப்புலியூரில் டவுன் பஸ் ஏறினேன். ஒரு பெண் சட்டென்று எழுந்து, இந்த மாதிரி நேரத்தில் நிற்கலாமா என்று தன் இடத்தைக் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் உட்கார்ந்தே இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே போனில் தேடினேன். உள்பாவாடைக்குப் பதிலாகப் புடவைக்குள் போடும் ஷேப்வேராம். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து முழங்கால் தாண்டும் வரை ஒரே பிடியாகப் பிடிக்கும். படத்தில் இருந்த பெண்ணுக்கு வயிறு என்ற உறுப்பே வைக்கப்படவில்லை. இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்கெனவே வாங்கிய ஒரு புண்ணியவதி, ஒரு சைஸ் குறைத்து வாங்கினால்தான் நன்றாகப் பிடிக்கும் என்று கீழே எழுதியிருந்தார். (அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மூச்சு விட முடிகிற இடத்தில் இருக்கட்டும்.) நான் போட்டதே பழைய அளவு. அதிலும் ஒரு சைஸ் குறைத்தேன்.

பார்சலைப் பிரித்தால் தலையணை உறை அளவுக்கு ஒரு துணி. செல்வம் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது சாம்பிளா, நெசமானது பின்னாடி வருதா?” என்று கேட்டார்.

முழங்கால் வரை நானே ஏற்றினேன். தொடைக்குச் செல்வம் தேவைப்பட்டார். இடுப்புக்கு வந்தபோது அவர் இழுக்க, நான் குதிக்க, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி, பீரோ நகர்த்துகிறீர்களா, ஆள் வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒருவழியாக ஏறியது. உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை, காலை அகட்டி வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் வயிறு இல்லை. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அழுவதற்கும் அந்தத் துணி இடம் கொடுக்கவில்லை, விக்கல் விக்கலாகத்தான் வந்தது. செல்வம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “கழட்டிடு சுமதி. யாரு இன்னா கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்” என்றார். கேட்கவே கூடாது என்பதற்குத்தானே இவ்வளவு பாடும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் வரவேற்புக்கு நான் போகவில்லை. செல்வத்துக்கு நைட் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சமாளித்தார். கல்யாணத்தன்று விடியலில் கார் எடுத்தோம். இடுப்பு மடங்காததால் முன்சீட்டைச் சாய்த்து, ஏணியை ஏற்றுவதுபோல என்னை உள்ளே ஏற்றினார் செல்வம். புதுச்சத்திரம் தாண்டும்போதே கால் மரத்துவிட்டது. மண்டபத்துப் படிகளில் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்து ஏறினேன். பார்த்தவர்கள் பட்டுப்புடவை மடிப்பு கலையாமல் நடக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

தேங்காய்மேல் தாலியை வைத்து, எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டை எடுத்துக்கொண்டு போவதும் என் பொறுப்புதான். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அடியாக வைத்துப் போனேன். ஓமப்புகை கண்ணைக் கரித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை (குடித்தால் போய்ச் சேர உள்ளே இடமில்லை). பெரிய அத்தை தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நடை இது என்று கேட்டார். தட்டை அடுத்தவரிடம் நீட்டிவிட்டேன். தட்டை ஐயர் கையில் சேர்த்தது வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது மணமகள் அறையில் பாயில் கிடந்தேன். வாய் நிறையச் சர்க்கரை. கல்யாணமான பெண் மயங்கி விழுந்தால் எங்கள் பக்கத்தில் டாக்டரைத் தேட மாட்டார்கள், சர்க்கரையைத் தேடுவார்கள். சித்தி என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக நல்ல சேதி, மைக்கில் சொல்லிவிடலாமா என்று யாரோ யோசனை சொன்னார்கள். அம்மா சுவரோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எந்தக் கேள்வி வரக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு வந்தேனோ, அதைக் கேட்காமலேயே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு மறுபடி மூச்சு முட்டியது. கழற்ற வேண்டும் என்று சித்தியிடம் சைகை காட்டினேன். அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பூச்சரம் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து சித்தி கீழிருந்து வெட்டிக்கொண்டே வந்தார். மேல் விளிம்பு விட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். மூச்சு வந்தது. வயிறும் வந்தது.

சித்தி வயிற்றைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அஞ்சு மாசம் இருக்கும் போலருக்கே. புள்ளய இப்படியாடி போட்டு நசுக்குவ? அதுக்கு மூச்சு முட்டாது?”

“புள்ள இல்ல சித்தி. போயிடுச்சு. ரெண்டு மாசம் ஆவுது. வயிறு மட்டுந்தான் இருக்கு.”

அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயில் இன்னும் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சித்தி என் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே கதவைத் தட்டினார்கள். முகூர்த்த நேரம் போகிறது, நாத்தனாரை ஐயர் கூப்பிடுகிறார் என்று குரல். எல்லோரும் அறை மூலையில் நின்றிருந்த பெரிய அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சித்தி மகள் வாசலருகே நின்றிருந்தாள், அவளை அனுப்பச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பெரிய அத்தை தன் பையைத் திறந்து, மாற்றுக்கு வைத்திருந்த உள்பாவாடையை எடுத்தார். பச்சை நிறம், இரண்டு சுமதி நுழையலாம். (உள்பாவாடை இல்லாமல் புடவை நிற்காது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.) என்னை எழுப்பி நிறுத்தி, நாடாவை அவரே கட்டினார், வயிற்றுக்குக் கீழே, இறுக்காமல்.

“அது எங்க போச்சோ அங்க நல்லாருக்கும். நீ போய்க் கட்டு, நேரமாவுது.”

அள்ளிச் சுற்றிய புடவையும், அடியில் எட்டிப் பார்க்கும் பச்சையுமாக மேடையேறி, மணமகள் நித்யாவுக்குப் பின்னால் நின்று முடிச்சுப் போட்டேன். தம்பியின் காதுக்கு அதற்குள் நல்ல சேதி போயிருந்தது. என் வயிற்றைப் பார்த்துக் கண்ணில் தண்ணீரோடு சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். மறுநாள் செல்வம்தான் அவனை அண்ணாமலை நகர்ப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அவன் திரும்பி வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தவன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் ஆன்லைனில் எதை வாங்கினாலும், கூடவே ஒரு கத்தரிக்கோலும் ஆர்டர் போட்டாச்சா என்று கேட்கிறார்கள். நானே எழுந்து அந்த நடையை நடந்து காட்டுவதும் உண்டு. ‘டப்’ என்ற சத்தம் வரும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். கதையை அங்கேயே நிறுத்திவிடுவோம்.

ஆல்பம் வந்தபோது, முடிச்சுப் போடும் படத்தில் வயிறு தெரிகிறது, போட்டோக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாமா அண்ணி என்று நித்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். கண் பட்டுவிடும் என்று அந்த ஐந்து மாதமும் அம்மா என்னை வயிற்றோடு ஒரு போட்டோகூட எடுக்க விடவில்லை. அதனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை என் தம்பியின் கல்யாணப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.