எதையும் நகர்த்தக் கூடாது

வருகிற ஞாயிற்றுக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் அலமாரியைத் தூக்குவதில்லை என்று பக்கிரிசாமி தேயிலைத் தொழிற்சாலையின் ட்ரையர் மீது கை வைத்துச் சத்தியம் செய்தார். ட்ரையர் கொதித்துக்கொண்டிருந்ததால் கையை உடனே எடுத்துவிட்டார். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

மனுஷனைக் குறை சொல்ல முடியாதய்யா. வாரத்தில் ஆறு நாள் அந்த இயந்திரத்தோடு சேர்ந்து தானும் வெந்து கொழுந்தைக் காய வைக்கிறவர். ஏழாம் நாள் காலையில் பசியாறியதும் கேரம் பலகையை எடுத்து ஹாலில் போட்டு, பக்கத்து வீட்டுத் தங்கராஜுவோடு பகல் சாப்பாடு வரைக்கும் ஆடுவார். அந்த லயத்து வீட்டு வரிசையிலேயே அவரிடம் மட்டும்தான் பலகை இருந்தது. பதினெட்டு வருஷ ஆட்டம். கொரோனா காலத்தில்கூட முகமூடி போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஆடினார்கள். அப்பேர்ப்பட்ட ஆட்டம் நாலு மாதமாக நின்று கிடந்தது.

காரணம் அவர் மனைவி அம்சவல்லி. காரணத்துக்குக் காரணம் அவள் கைபேசி. அம்சவல்லிக்குக் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை. மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் சும்மா இருக்கக் கூடாதென்று வீட்டு அலங்கார வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். கேமரன் மலையில் மழை பெய்யாத நாள் எது? நாலே மாதத்தில் உலகத்து வீடுகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டன.

முதல் மாதம் எல்லாம் சாம்பல் நிறம். திரைச்சீலை, குஷன் உறை, கால்மிதி எல்லாம் சாம்பல். பக்கிரிசாமி அதற்குப் பழகி வருவதற்குள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது.

"என்னாங்க, சாம்பல் கலர் செத்துப்போச்சாம்."

"அடப்பாவமே. எப்ப எடுக்குறாங்க?"

"விளையாடாதீங்க. இனிமே எல்லாம் பிரவுன்தான்."

"நானே பிரவுன்தானே? என்னைய நடு ஹால்ல உக்கார வெச்சிரு. செலவு மிச்சம்."

"நீங்க பழைய பிரவுன்லா. இது மோக்கா, பால் விட்ட கோப்பி கலரு."

மோக்கா வந்தது. அதன் பின்னால் சுவரில் ஒட்டுகிற பலகை வந்தது, நெடுக்கக் கோடு கோடாக. பக்கிரிசாமி அதைத் தடவிப் பார்த்து, "கூரைத் தகரத்தக் கொண்டாந்து செவுத்துல ஒட்டியிருக்கியே, மழை உள்ளயா பெய்யப்போகுது?" என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரசத்தில் உப்பு இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோபாவை இங்கேயும் கட்டிலை அங்கேயும் தூக்கச் சொல்லுவாள். வேறு வேலை இல்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான். அவரும் முதுகு வலி, முட்டி வலி, நெஞ்சு படபடப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். தூக்குவது பாதியில் நிற்கும். ஆனால் முதுகு வலிக்காரன் கேரம் எப்படி ஆடுவது? அதனால் ஆட்டமும் நின்றது.

இந்த வெள்ளிக்கிழமை அவள் ஜப்பாண்டி என்றாள்.

"அது என்னாடி பேரு, பூச்சி மருந்து மாதிரி?"

"ஜப்பான் ஸ்டைலும் நார்வே பக்கத்து ஸ்டைலும் கல்யாணம் கட்டிக்கிச்சு. அதான் ஜப்பாண்டி."

"சம்பந்தம் பண்ணது அவங்க ரெண்டு பேரும். அலமாரிய நான் எதுக்குத் தூக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை தூக்குறோம்," என்றாள் அம்சவல்லி.

சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பகுதிக்குப் போய்த் தங்கராஜுவிடம் தன் திட்டத்தைச் சொன்னார்.

"முள்ள முள்ளாலதான் எடுக்கணும் ராஜு. நம்ம பேக்டரிக்கு வெள்ளைக்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்கள்ல? அதுல ஒரு நார்வேக்காரம்மா, பெரிய வீட்டு அலங்கார நிபுணி, என்கிட்ட பேசினாங்கன்னு கதை விடப்போறேன். இப்ப அங்க புது ஸ்டைலு, வீட்ல எதையும் நகர்த்தவே கூடாதுன்னு. சொல்றப்பவே அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சுன்னும் சேத்துக்குவேன்."

"நம்புவாங்களாண்ணே?"

"வெள்ளைக்காரி சொன்னா நம்புவா. நான் சொன்னாத்தான் நம்ப மாட்டா."

தங்கராஜுவின் கண் விரிந்தது. அவன் மனைவி திலகமும் அதே வீடியோதான் பார்க்கிறாள். "அண்ணே, உங்க மூளைய அருங்காட்சியகத்துல வெக்கணும்லா," என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்குப் பறந்தான். பக்கிரிசாமி நிதானமானவர். பொய் சொல்லும்போது கையில் ஏதாவது இருந்தால் நல்லது என்று வடை வாங்கப் போனார். அதில் அரை மணி நேரம் தாமதம்.

சேற்றுச் செருப்போடு வழக்கம்போல் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் வந்தார். அம்சவல்லி கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். வடையை நீட்டினார். ஹால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்ல வந்தது மறந்துவிடும் என்று மளமளவென்று ஆரம்பித்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"அம்சா, இன்னைக்கு ஒரு நார்வேக்காரம்மா வந்தாங்க. வீட்டு அலங்காரத்துல பெரிய ஆளாம். ஜப்பாண்டியப் பத்திக் கேட்டேன். சிரிச்சிட்டாங்க."

"ஏங்க சிரிச்சாங்க?"

"அது போன வருஷத்துக் கதையாம். இப்ப அங்க எதையும் நகர்த்தவே கூடாதாம். ஒரு வருஷத்துக்கு. எந்தப் பொருள் எங்க நிக்குதோ அங்கயே நிக்கணும். அப்பத்தான் வீட்டுக்கு ஒரு அமைதி வருமாம். நகர்த்துனா வீட்டுக்கு வலிக்கும்னு சொல்றப்ப அந்தம்மாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு."

"ஐயோ பாவம். அந்த ஸ்டைலுக்குப் பேரு என்னாங்க?"

பேர் யோசித்து வைக்கவில்லை. "ஸ்... ஸ்டாண்டி," என்றார்.

"ஸ்டாண்டி!" அம்சவல்லி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகான பேரு. சரிங்க. இந்த நிமிஷத்துலருந்து நம்ம வீட்ல ஒரு பொருளையும் நகர்த்தல. ஒரு வருஷம்!"

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கோப்பியை எடுத்துக்கொண்டு, மீசையைத் தடவியபடி ஹாலுக்குள் நுழைந்தார். நுழைந்த இடத்திலேயே நின்றார்.

சோபா முன்வாசலை அடைத்துக்கொண்டு செங்குத்தாக நின்றிருந்தது. டிவி தரையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படுக்கையறை அலமாரி வெளியே வந்து பாத்ரூம் கதவுக்கு எதிரே நின்றது. இடையில் ஒரு சாண் இடைவெளி. கேரம் பலகை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு, ஒரே ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்சா... இது என்னா?"

"நானும் திலகமும் இதுவரைக்கும் இழுத்தோம். மிச்சத்த நாளைக்கு நீங்க தூக்குவீங்கன்னு விட்டோம். நல்லவேளை, அதுக்குள்ள சொன்னீங்க!"

"இந்த அலமாரிய மட்டும் கொஞ்சூண்டு..."

"ஐயய்யோ, கைய வெக்காதீங்க! வலிக்கும்லா!"

அம்சவல்லி ஒல்லி. ஒரு சாண் இடைவெளியில் நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவாள். பக்கிரிசாமியின் வயிறு அப்படிப்பட்டதல்ல. தினமும் விடிகாலைக் குளிரில் தோளில் துண்டும் கையில் சோப்புமாகத் தங்கராஜு வீட்டுக்குக் குளிக்கப் போனார். பல் தாளம் போட்டது. ஒருநாள் தோட்டத்துத் துரையே ஜீப்பை நிறுத்திக் கேட்டார்.

"என்ன சாமி, வீட்ல பைப் உடைஞ்சு போச்சா?"

"இல்ல துரை. ஸ்டாண்டி."

துரை புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போனார். டிவியில் பந்தாட்டத்தைப் பக்கிரிசாமி காதால் மட்டும் கேட்டார். ஜனங்கள் கத்துவார்கள், இவர் எழுந்து சுவரைப் பார்ப்பார். யார் போட்ட கோல் என்று தெரியாமல் மறுபடியும் உட்காருவார். உட்காருவது தரையில். அம்சவல்லியின் பிரம்பு நாற்காலி மட்டும், என்ன அதிசயமோ, வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னல் ஓரமாகவே நின்றது. அவள் அதில் சாய்ந்து கோப்பி குடித்தபடி, "உண்மையிலேயே ஒரு அமைதி வருதுங்க," என்பாள்.

இதெல்லாம் தொடங்கிய மறுநாளே ஞாயிறு. தங்கராஜு பவுடர் டப்பாவோடு அடுப்படி வழியாக வந்தான். இரண்டு பேரும் அலமாரி ஓரத்தில் குத்தவைத்து, பலகையின் அந்த ஒரு மூலையைப் பார்த்தார்கள்.

"கைய விட்டு இழுத்துருவமாண்ணே?" என்று கிசுகிசுத்தான் தங்கராஜு.

"இழு. மெதுவா."

கிர்ர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

"அங்க என்னா சத்தம்?"

"எலிலா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"எலிகிட்டயும் சொல்லுங்க, நகர்த்தக் கூடாதுன்னு."

தங்கராஜு டப்பாவை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பக்கிரிசாமி அந்த ஞாயிறு முழுக்கத் தரையில் உட்கார்ந்து கூரைத் தகரங்களை எண்ணினார். ஆசை ஆசையாக மீட்டெடுத்த ஞாயிறு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது மனுஷனுக்கு.

அடுத்த சனிக்கிழமை இறங்கி வந்தார்.

"அம்சா, அந்த நார்வேக்காரம்மா இன்னைக்கு மறுபடியும் வந்தாங்க."

"இங்கயே குடி வந்துட்டாங்களாங்க?"

"ஸ்டாண்டி போயிருச்சாம். இப்ப எல்லாத்தையும் நகர்த்தணுமாம்."

"ஒரு வருஷம்னாங்களே? ஒரு வாரம்தானே ஆச்சு?"

"டிரெண்டு வேகமா மாறுதுலா. நாம என்னா பண்றது?"

"எனக்கு ஸ்டாண்டிதாங்க புடிச்சிருக்கு. அவங்க வேணும்னா மாத்திக்கட்டும்."

"அம்சா, உன் காலப் புடிச்சுக் கேக்கறேன். நகர்த்திருவோம்."

அம்சவல்லி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்களே தூக்குவீங்களா?"

"தூக்குறேன்."

"முதுகு வலி?"

"எனக்கு முதுகே இல்லன்னு வெச்சுக்க."

"செவுத்துல ஒட்டுன பலகையப் பேத்துட்டு லைம் வாஷ் அடிக்கணும்."

"லைம்னா... சுண்ணாம்பா? பழைய லயத்துல எங்கப்பா வருஷா வருஷம் அடிச்ச சுண்ணாம்புலா அது!"

"அதேதான். இப்ப லேட்டஸ்ட்."

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்தாள். எது எங்கே நிற்க வேண்டும் என்று பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. "இதுல இருக்கிறதெல்லாம் செய்வீங்களா?" என்று கேட்டாள். "எல்லாம், எல்லாம்," என்று பக்கிரிசாமி தாளைப் பார்க்காமலேயே அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் பார்வை முழுக்க அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கியது. தங்கராஜுவும் கை கொடுத்தான். சோபா படுத்தது, டிவி முகம் காட்டியது, பாத்ரூம் திறந்தது. சுவர் பூரா வெள்ளை ஏறியது. பக்கிரிசாமியின் மீசையும் வெள்ளையானது. கடைசியில் அலமாரி நகர்ந்து கேரம் பலகை வெளியே வந்தபோது, அதை மார்போடு அணைத்துக்கொண்டார். மணி இரண்டு. இன்னும் பாதி ஞாயிறு மிச்சம். தங்கராஜு பவுடர் தூவினான். பக்கிரிசாமி காய்களை வட்டமாக அடுக்கினார். விரலை மடக்கி முதல் அடி அடிக்கப் போனார்.

அம்சவல்லி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, ஸ்வீடன்காரம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?"

"நார்வேக்காரம்மா," என்று திருத்தினார் பக்கிரிசாமி.

"உங்களுக்கு நார்வே. தங்கராஜு அண்ணன் திலகத்துகிட்ட ஸ்வீடன்னுல்ல சொன்னாரு? அதே கண் கலங்கல், அதே நகர்த்தக் கூடாது. திலகம் ஓடியாந்து சொன்னா."

பக்கிரிசாமி மெதுவாகத் தங்கராஜுவைப் பார்த்தார். தங்கராஜு பவுடர் டப்பாவைப் பார்த்தான். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊருதானேண்ணே," என்றான்.

"ஓடியாந்து... எப்ப சொன்னா?"

"நீங்க வடை வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே. அந்த அரை மணி நேரத்துலதான் நானும் அவளும் அலமாரிய இழுத்து பாத்ரூமுக்கு எதிர்த்தாப்புல விட்டோம். சோபாவ நிமுத்துறதுக்குள்ள எங்களுக்கு மூச்சு வாங்கிருச்சு தெரியுமா?"

"அடிப்பாவி! ஒரு வாரம் குளிருல நடந்தேனேடி!"

"நாலு மாசம் நான் கெஞ்சினேனே? தூக்கினீங்களா? இப்பப் பாருங்க, நீங்களே காலப் புடிச்சுத் தூக்கியிருக்கீங்க. வீடு எவ்வளவு லட்சணமா இருக்கு!"

பக்கிரிசாமி பெருமூச்சு விட்டார். போகட்டும். தோற்றது தோற்றதுதான். ஆட்டமாவது திரும்பி வந்ததே, இனி எல்லா ஞாயிறும் தனக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மறுபடி விரலை மடக்கினார்.

அம்சவல்லி அந்தத் தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே விரித்தாள். வெள்ளைச் சுவருக்கு நட்டநடுவில் ஒரு பெரிய சதுரம் வரைந்து, நாலு மூலையிலும் நாலு வட்டம் போட்டிருந்தாள்.

"பழைய விளையாட்டுச் சாமானச் செவுத்துல மாட்டுறதுதாங்க இப்ப டிரெண்டு. காயெல்லாம் எடுத்துருங்க, தங்கராஜு அண்ணன் ஆணி புடிப்பாரு, நீங்க அடிங்க."